அண்ணனுக்குப் போர்த்திய துணி

பனமலையில் கேப்பையும் மல்லாட்டையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்த எங்கள் அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணி. நல்லது நிறைய இருக்கிறது. எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.

அப்பா இறந்ததும் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு, விழுப்புரத்தில் ஒரு தையல் கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தார். பிறகு திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டார். தங்கையைக் கட்டிக்கொடுத்ததும், எனக்கு விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்துக் கொடுத்ததும் அந்த ஒற்றை மிஷின்தான்.

அவரிடம் ஒரு கிறுக்கு உண்டு. அன்பாகத்தான் சொல்கிறேன். யாராவது பழைய சட்டையைக் காட்டி இதே துணியில் வேண்டும் என்று கேட்டுவிட்டால் போதும், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வியாபாரம் நின்று மூடிப்போன ஜவுளிக் கடைகளின் பரண்களையெல்லாம் கிளறுவார். அண்ணிக்குப் புடவை எடுக்கக் கால்மணி நேரம் பொறுமையாக நிற்காதவர், அந்தத் தூசியில் பாதி நாள் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "எங்கியாவது ஒரு மூலையில இருக்கும்டா, நாமதான் போய்ப் பாக்கணும்" என்பார்.

கடைசியாக அவர் தேடியது முகையூர்ப் பக்கத்து ஃபாதர் ஒருவருக்காக. குருப்பட்டம் பெற்றபோது ஃபாதரின் அம்மா எடுத்துக் கொடுத்த தடித்த வெள்ளை டிரில் துணியில் தைத்த அங்கி நைந்துபோயிருந்தது. குருவான ஐம்பதாம் ஆண்டுப் பொன்விழாவில் வைக்கும் திருப்பலிப் பூசைக்கு அதே துணியில் புதிதாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தத் துணி வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, விழுப்புரத்தில் ஒரு பரணில் ஓர் அங்கிக்கு மட்டும் போதுமானதைக் கண்டுபிடித்தார். ஃபாதரை வரவழைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு அதை நனைத்துக் காயவைத்து, கடை பீரோவில் மடித்து வைத்தார். பொங்கல் கழிந்து வெட்டுவதாக இருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் மார்வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். குளிப்பாட்டிப் போர்த்த வெள்ளைத் துணி வேண்டும். ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. சித்தப்பா என்னிடம், "டெய்லர் கடையில வெள்ளத் துணி இல்லாமலா பூடும்? ஜல்தியா போய் எடுத்துக்கினு வாடா" என்றார். ஓடினேன். கண்ணில் பட்ட வெள்ளையை எடுத்து வந்தேன். செல்போன் விற்கிறவனுக்கு எல்லா வெள்ளையும் ஒன்றுதானே. நீளம் கூடுதலாக இருந்ததால் கிழித்ததும் என் கைதான். ஃபாதர் வந்திருந்தார். அண்ணனின் காலடியில் நின்று துணியின் ஓரத்தைத் தொட்டபடி வெகுநேரம் இருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு கடையை ஒழுங்குபடுத்திய அண்ணி, "ஃபாதர் துணி எங்க தம்பி?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் ஆசையாகச் செய்யவிருந்த கடைசி வேலையை அவரோடு சேர்த்து எரித்துவிட்டேன். அதன்பின் நானும் ஊர் ஊராகப் பரண் ஏறினேன். "ஒங்க அண்ணன் எடுத்துக்கினு போனதுதான் கடைசி" என்று அந்த விழுப்புரத்துக் கடைக்காரர் கைவிரித்தார்.

பொன்விழாவுக்குச் சில நாள் முன்பு ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்குத் தொட்டதுமே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். நான் இன்னும் தேடுவதாகச் சொன்னதற்கு அவர் தலையசைத்தார்.

"வேணாம்பா. கெடச்சாலும், அளவு யாருகிட்ட குடுப்பேன்?"

துணி போனதை நினைத்தே புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு, அண்ணன் போனது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அங்கேயே அழுதேன்.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பண்டிகை நாளென்று பாராமல் வந்து நின்ற திண்டிவனம் கடைத்தெரு நண்பர்களுக்கும், அண்ணனுக்காகப் பரண் திறந்துவிட்ட கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஃபாதருக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. அந்த நைந்த அங்கியிலேயே அவர் பொன்விழாத் திருப்பலி நிறைவேற்றினார். நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன், நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.