மேட்டுத் தெருவுக்கு ஒரு வண்டி

அவள் ஓட்டிய ஸ்கூட்டர் அன்றைக்கும் மேட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த கணவர் சொல்லாமலே இறங்கி, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தார். கனத்த சரீரம். துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்தரி பிடித்தால் கோடு பிசகாது. வண்டி என்று வந்தால் சைக்கிளே தகராறு.

"இதுக்கு வீட்லேருந்தே நடந்து வந்திருக்கலாம்" என்றார்.

"பேசாம தள்ளுங்க. மூச்ச மிச்சம் பிடிங்க."

காலையில் அவரைக் கம்பெனியில் இறக்கிவிட்டு அவள் தன் வேலைக்குப் போவாள். பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், பக்கவாதத்தில் விழுந்தவர்களையும் இடுப்பு முறிந்தவர்களையும் எழுப்பி நடக்கவைக்கிற வேலை. அடுத்தவர் இடுப்பைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பு போய்விட்டது. நோயாளி மூச்சு வாங்க ஓய்வெடுக்கிற நேரத்தில் நாற்காலியில் சாய்ந்தபடியே அவள் தூங்கிவிடுவதும் உண்டு.

மேட்டுத் தெருவிலேயே அவளுக்குப் பாதி நோயாளிகள். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஒருமுறை இருவரையும் ரோட்டில் உருட்டியும் விட்டது. கல்லூரி நாளில் அண்ணன் வண்டியில் கியர் பழகியவள், காலும் எட்டும். கொஞ்சம் தெம்பான இன்ஜின், பெரிய சக்கரம், தினமும் நம்பி எடுக்கிற மாதிரி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் போதும் என்று முடிவு செய்தாள். புதுசுக்குக் கட்டுப்படியாகாது.

தூங்கித் தீர்க்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள் வண்டி பார்ப்பதில் போயின. பழைய வண்டி விற்கும் கடைக்காரர் நேரே கணவரிடம் போனார்.

"சார் எந்த மாடல் பாக்கறீங்க?"

"ஓட்டப்போறது நான்" என்றாள்.

"மேடத்துக்குன்னா அருமையான ஸ்கூட்டி ஒண்ணு இருக்கே!"

"என்னைப் பின்னால வெச்சுக்கிட்டு அது மேடு ஏறுமா?" என்றார் கணவர். கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இன்னொரு வண்டி பளபளவென்று நின்றது. கணவர் ஆசையாகச் சாய்ந்தார். கறுப்புப் பெயின்ட் அவர் பேன்ட்டோடு வந்துவிட்டது. வேறொருவர் விளம்பரப் படத்தில் ஒன்றைப் போட்டு நேரில் வேறொன்றைக் காட்டினார். "அதோட தம்பிங்க இது" என்றார் கூசாமல். வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அவள் போகிற வீடுகளில் ஒன்றில் ஒரு முன்னாள் மருந்துப் பிரதிநிதி இருந்தார். ஊர் ஊராக மோட்டார் சைக்கிளிலேயே சுற்றி மருந்து விற்றவர். போன வருஷம் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வண்டி கீழே, படிக்கட்டுக்கு அடியில், பழைய படுதா போர்த்தி நின்றது. கருநீலம், முன்னூற்று ஐம்பது சிசி. அந்த வண்டியை வைத்துத்தான் அவள் அவரிடம் வேலை வாங்கினாள். வராத இடது பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, "ஃபர்ஸ்ட் கியர், கீழ அழுத்துங்க சார். இப்ப செகண்ட், விரலால தூக்குங்க" என்பாள். அழுத்த வரும். தூக்க வராது. முகம் சிவக்க முயல்வார்.

ஒருநாள் அவருடைய மனைவி சமையலறைக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி தேடறியாமே. இத எடுத்துக்கயேன். துருப்பிடிச்சு வீணாப் போகுது. இனி அவரால முடியாதுன்னு எனக்குத் தெரியும்மா. அவர்கிட்ட சர்வீசுக்கு விட்டிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"யோசிச்சு சொல்றேங்க்கா" என்று நழுவினாள்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் கியர் என்ற வார்த்தையை அவள் வாயில் எடுக்கவில்லை. அவர்தான் கேட்டார். நாக்கு இன்னும் குழறும். ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். "செகண்ட்... போடலையா?"

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவே முடியாத அசதி. பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"சார், உங்க வண்டிய எனக்கு விலைக்குக் குடுக்கறீங்களா?"

அவர் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தார். "அப்ப... கால் வராது?"

"நடக்கலாம் சார். இன்னும் நல்லாவே நடப்பீங்க. வண்டி ஓட்ட வராதுன்னுதான் தோணுது."

"எப்பலேருந்து... தெரியும்?"

"கொஞ்ச நாளா."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மனைவி வாசல்வரை வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மனைவியிடமிருந்து போன் வந்தது. "எடுத்துக்கச் சொல்லிட்டார். ஆனா இனிமே எக்சர்சைசுக்கு வரவேண்டாமாம்."

வண்டியை எடுக்கப் போனபோது கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். மருந்துப் பிரதிநிதி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைக்காரர்கள் சொன்னதைவிடக் கூடுதலாக ஒரு விலை சொன்னார். கணவர் தயங்கித் தயங்கிக் குறைத்துக் கேட்டார். "முடியாது" என்பது மட்டும் குழறாமல் வந்தது. அவளுக்கு அது ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது. இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தால் வண்டியை வெளியே உருட்டவே கை வந்திருக்காது.

பேட்டரி, டயர், கேபிள் என்று மாற்ற வேண்டியதையெல்லாம் மெக்கானிக் மாற்றினார். முதல் நாள் மேட்டில் அது இருவரையும் சுமந்துகொண்டு அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் தோளைப் பற்றியிருந்தார்.

"ஏறிடுச்சா?"

"ஏறியாச்சு. தோள விடுங்க, வலிக்குது."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மருந்துப் பிரதிநிதிக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்து படுத்தாள். தூக்குவதற்கு ஒரு கால் குறைந்ததில் உடம்பு நிம்மதிப்பட்டது. அப்படி நிம்மதிப்படுகிறதே என்று மனசு அவளைத் தூங்கவிடவில்லை.

மாதம் ஒன்று போயிருக்கும். அவர் மனைவி மறுபடி கூப்பிட்டார். "பாத்ரூம்ல விழுந்துட்டார்மா. அடி ஒண்ணும் இல்ல. உன்னை வரச் சொல்றார்."

போனாள். அவர் இளைத்திருந்தார். காலைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பு ஏறி, முன்னே பழகியதில் பாதி போயிருந்தது. இனி ஆரம்பத்திலிருந்து தொடங்கவேண்டும்.

"வண்டி... எப்படி?" என்றார்.

"ஓட்ட சுகமா இருக்கு சார். நடு ஸ்டாண்டு போடத்தான் உயிர் போகுது."

"எனக்கும்... போகும்" என்றார். பிறகு, "இப்ப... எதுக்கு செய்யணும்?"

அவள் வாயில் வந்த உற்சாக வார்த்தைகளை விழுங்கிக்கொண்டாள்.

"பாத்ரூமுக்கு நீங்களா போய்ட்டு வரணும். அக்கா ராத்திரி தூங்கணும். அவ்வளவுதான் சார்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நல்ல கையால் நாற்காலியின் பிடியை ஊன்றினார். அவள் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு இருவரும் பாத்ரூம் கதவை நோக்கி மெதுவாக நகர்ந்தார்கள். பாதி வழியில் இருவருமே நின்று மூச்சு வாங்கினார்கள்.