சேனை பூத்த அறை

இந்த ஊரில் மீன் நாறுவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால், பொடித்த பனிக்கட்டிமேல், தான் செத்தது தனக்கே தெரியாததுபோலப் படுத்திருக்கிறது. வந்த புதிதில் ஒரு கடையில் குனிந்து மோந்து பார்த்தேன். கையுறை போட்ட கடைக்காரப் பெண், நான் மீனுக்கு முத்தம் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மீன் மட்டுமில்லை, டோர்ட்மண்டில் எதற்குமே வாடை கிடையாது. படிக்கட்டு, பேருந்து, மழை, பக்கத்து வீட்டுச் சமையல் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், போன மாசியில், என் வீடு பிணம்போல நாற ஆரம்பித்தது.

நான் சதுரங்கப்பட்டினத்துக்காரன். டச்சுக்காரன் கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் குப்பம். படகில் ஏறினால் வாந்தி எடுக்கும் மீனவன் மகன் எங்கள் கரையிலேயே நான் ஒருவன்தான். என் அண்ணன் தேசிங்கு, "இவன இட்டுகினு போலாம்டா, மீனுக்குத் தீனி மிச்சம்" என்பான். கடல் ஒத்துக்கொள்ளாததால் லிப்ட் பழுதுபார்க்கக் கற்று, மேலும் கீழுமாகப் போய்வந்தே ஜெர்மனிவரை வந்து சேர்ந்துவிட்டேன்.

இங்கே தனியாக இருப்பவர்கள் நாய் வளர்க்கிறார்கள். நான் கிழங்கு வளர்க்கிறேன். யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரின் மளிகைக்கடையில் வாங்கியதில் பாதி குழம்புக்குப் போகும், மீதி தொட்டிக்குப் போகும். சேப்பங்கிழங்கு குளியலறையில் யானைக்காது மாதிரி இலை விட்டது. சர்க்கரைவள்ளி ஜன்னல் திரையைப் பிடித்து ஏறியது. எதிர்வீட்டு ஃப்ராவ் பிராண்ட் (ஃப்ராவ் என்றால் திருமதி), ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அவற்றைப் பார்த்து மூச்சடைத்துப்போனார். இதே சேப்பஞ்செடியைத் தோட்டக்கடையில் தங்க விலைக்கு வாங்கி, குளிரில் சாகக் கொடுத்தவராம். "இவ்வளவு அரிய செடியை எப்படிக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார். வறுவலுக்கு வாங்கியது, மறந்துவிட்டேன், முளைத்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. தாவர விஞ்ஞானி ஒருவன் அடக்கத்துக்காக லிப்ட் மெக்கானிக் வேடம் போடுகிறான் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் மறுத்து அவரை வருத்தவில்லை.

அந்தக் கடையில்தான் ஒருநாள் சேனைக்கிழங்கைப் பார்த்தேன். நம் ஊர்ச் சந்தையில் கேட்ட அளவுக்கு வெட்டித் தருவார்கள். இங்கே அண்ணர், "முழுசா எடுங்கோ தம்பி, வெட்டினா மிச்சத்தை வாங்க ஆளில்லை" என்று குழந்தையைப்போல என் கையில் தூக்கி வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் புத்தி வந்தது. சேனை வெட்டினால் கை அரிக்கும். வீட்டில் அது அண்ணி வேலை. செல்வி அண்ணி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டுவார், அண்ணன் கடலுக்குப் போகாத நாட்களில் சேனை வறுவல்தான் அவனுக்கு மீனுக்குப் பதில். கத்தியை எடுத்தேன், வைத்தேன். பூந்தொட்டி ஒன்றில் அதை உட்காரவைத்து, சூடான குழாய் போகிற சாமான் அறையில் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்துபோனேன்.

நாற்றம் ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியம், என் காலுறையைச் சந்தேகப்பட்டது. பிறகு குளிர்பெட்டியைக் கழுவினேன். வாளி வாளியாகச் சாக்கடைக்குழாயில் வெந்நீர் ஊற்றினேன். கழுவ வேறொன்றும் மிச்சமில்லாதபோது மூக்குக்குப் புரிந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்த வாடை. கடலோரத்தில் செத்த ஆமையின் வாடை.

சில வருடங்களுக்கு முன், நான் விடுமுறையில் ஊரில் இருந்தபோது, கிட்டத்தில்தானே வலை என்று அண்ணன் தனியாகப் போனான். கவிழ்ந்த படகு கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. நானும் அண்ணியும் சொந்தக்காரர்களும் கரையோரமாகத் தெற்கே நடந்தோம். அது ஆமைகள் செத்து ஒதுங்குகிற பருவம். காற்று திரும்பும்போதெல்லாம் அந்த வாடை வரும், எல்லோரும் ஓடுவோம், ஆமை கிடக்கும். மறுபடி நடப்போம், வாடை வரும், ஓடுவோம், ஆமை. ஒரு கட்டத்தில், அது அவனாக இருக்கக்கூடாது என்று ஓடுகிறேனா, அவனாகவே இருந்து தொலையட்டும் என்று ஓடுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கிடைக்காதவனுக்கு அம்மா காரியம் செய்ய விடவில்லை. யாராவது விசும்பினால், "உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்குடி ஒப்பாரி?" என்று எழுந்து நிற்பார். கடைசியில் ஒரே ஒரு வழி விட்டார்: "சின்னவன் சொல்லட்டும். அவன் வாயால போயிட்டான்னு சொன்னா, நான் வாய மூடிக்கிறேன்." சின்னவன் நான். அண்ணி போனில் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது தமாஷ் சொல்லித் தப்பிப்பேன். அண்ணன் தாய்லாந்தில் கரையேறி ஓட்டல் வைத்திருப்பான், நம்மையெல்லாம் மறந்திருப்பான் என்பேன். நான் சொன்னால் அப்போதுதான் அவன் சாவான் என்று பயம். ஒருமுறை அண்ணி சொன்னார்:

"நீ சிரிக்க சிரிக்கப் பேசிகினே என்ன வாசப்படியிலயே நிக்க வச்சிட்ட தம்பி. பொட்டு வச்சா ஒரு பேச்சு, வைக்கலன்னா ஒரு பேச்சு. எனக்கு வேற ஒன்னும் வோணாம். அழறதுக்கு ஒரு நாளு வோணும்."

நாற்றம் ஆரம்பித்த மறுநாள் காலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் ஃப்ராவ் பிராண்ட், கைக்குட்டையால் மூக்கை மூடியபடி. என்னைப் பார்த்ததும், "காட் ஸை டாங்க்! ஸீ லேபன்!" என்று கத்தினார். கடவுளுக்கு நன்றி, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களே என்று அர்த்தம். இங்கே தனியாக வாழ்கிறவன் செத்தால் படிக்கட்டு நாறும்போதுதான் தெரியுமாம். நான் செத்துவிட்டேன் என்றே முடிவுகட்டி, போலீசுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். உயிரோடு நிற்பதற்காக மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்போது நான் நினைத்தது இதுதான்: எனக்குத் தட்டிப் பார்க்க ஒரு கதவாவது இருக்கிறது, அண்ணனுக்கு அதுவும் இல்லை.

போலீசார் இரண்டு பேர் வந்தார்கள். இளைஞன் ஒருவன், பெண் ஒருத்தி. நின்று மோந்து, நேராக என் வீட்டுக்குள் வந்தார்கள். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "இங்கே உங்களோடு வேறு யாராவது வசிக்கிறார்களா?"

இல்லை என்பதற்கு ஜெர்மனில் ஒரே ஒரு சொல், அதுவும் குட்டிச் சொல். அது எனக்கு வரவில்லை. நான் பேசாமல் நின்றதைப் பார்த்து அவள் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. இளைஞன் சாமான் அறைக் கதவைத் திறந்தான்.

பெட்டிக்குப் பின்னால், இலை இல்லாமல் தண்டு இல்லாமல், தொட்டியிலிருந்து நேராக ஒரு பூ எழுந்திருந்தது. கத்திரிக்காய் நிறத்தில், மூளைபோல மடிப்பு மடிப்பாக, சுற்றிலும் கிழிந்த பாவாடை ஓரம்போல ஓர் இதழ். சேனை பூக்கும் என்றே எனக்குத் தெரியாது. நாங்கள் அதைப் பூக்கவிடுவதில்லை, அதற்குள் தின்றுவிடுகிறோம்.

"இது என்ன?"

"இதை நாங்கள் வறுத்துச் சாப்பிடுவோம்" என்றேன்.

இளைஞன் என்னைப் பார்த்த பார்வையில், பிணமே இருந்திருக்கலாம் என்று இருந்தது. ஃப்ராவ் பிராண்ட் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டே கண்ணில் நீர்வர, "எவ்வளவு அற்புதம்!" என்றார். மூவரும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் அறைக்கதவைத் திறந்துவைத்து, அதன் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஓடிப் போய்ப் பார்த்தாகிவிட்டது, இதுவும் அவன் இல்லை. அண்ணியைக் கூப்பிட்டுப் பூவைக் காட்டினேன்.

"இன்னா தம்பி இது, ஆட்டு ஈரலாட்டம் கீது?"

"சேனை அண்ணி. பூத்துகினு கீது. வீடு பூரா ஆமை நாத்தம்."

அந்தப் பக்கம் அண்ணி மீன்கூடையைக் கீழே வைத்தார். அலை மட்டும் கேட்டது.

"எனக்கு இங்க டெய்லியும் அடிக்குது" என்றார். "காத்து திரும்பினா கூடைய வச்சிட்டு எழுந்து நிக்கறேன். கால் தானா போவுது தம்பி."

தாய்லாந்து நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். திரையில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. "அம்மா, அண்ணன் போயிட்டான்மா. செஞ்சிடலாம்" என்றேன். நெற்றி அசையவில்லை. பிறகு, "நீ வந்து செய்யி" என்றது.

ஊருக்குக் கிளம்பும்போது பூ சரிந்து கூழாகியிருந்தது, கிழங்கிலிருந்து ஆணிபோல ஒரு முளை. சாவியை ஃப்ராவ் பிராண்டிடம் கொடுத்தேன். ஏதோ அரசாங்க ரகசியத்தை ஏற்பதுபோல வாங்கிக்கொண்டார்.

சதுரங்கப்பட்டினத்துக் கரையில் வைக்கோலில் உரு கட்டி அண்ணனின் சட்டையைப் போட்டுவிட்டோம். பொத்தான் பூட்டியபோது அண்ணி, "இவ்ளோ ஒழுங்கா ஒருநாளும் படுத்ததில்ல அந்தாளு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, பாதியில் அது உடைந்து அழுகையானது. அழுதார், அழுதார், யாரும் தடுக்கவில்லை. அம்மா எழுந்து நிற்கவில்லை. அண்ணியின் முதுகில் கை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது ஃப்ராவ் பிராண்டிடமிருந்து ஒரு படம் வந்தது. டோர்ட்மண்ட் ஜன்னலில், ஒற்றைக் காலில், குடைபோல ஒரே இலையோடு சேனை. 'நாற்றம் இல்லை. எழுந்து நிற்கிறது. எப்போது வீட்டுக்கு வருகிறீர்கள்?' அண்ணி எட்டிப் பார்த்து, "அங்க வூட்ல யாரு தண்ணி ஊத்துறா?" என்று கேட்டார். நான் பதில் எழுத ஆரம்பித்தேன்.

அப்போது காற்று திரும்பியது. தெற்கிலிருந்து அந்த வாடை வந்தது. அண்ணியின் தலை திரும்பியது, என் தலையும் திரும்பியது.

"ஆமை" என்றார் அம்மா.

யாரும் ஓடவில்லை. சீக்கிரம் வருகிறேன் என்று ஜெர்மனில் எழுதி முடித்தேன். விரல் எழுதிக்கொண்டிருந்தபோதும் மூக்கு தெற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது.