கம்பி அறுந்த சத்தம்

ஆனைக்குட்டம் பக்கத்து மைதானத்தில் கிளைடர் பறக்கவிடும் கிளப் ஒன்று, எங்கள் பட்டாசுக் கம்பெனி ஆட்களை ஏறிப் பறந்து பார்க்கக் கூப்பிட்டிருந்தது. கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். நீளக் கம்பியால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். காலையிலிருந்தே வரிசை குறையவில்லை. விமானியோடு என் மனைவி மேலேறும்போது கம்பி டமாரென்று அறுந்தது. வரிசையில் நின்ற எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டோம். எங்கள் தொழில் பழக்கம் அப்படி. தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கிளைடர் அலுங்காமல் வந்து இறங்கியது. மனைவிதான் பதறி ஓடிவந்தாள்.

“என்னங்க ஆச்சு? மேல இருந்து பார்த்தா அம்புட்டுப் பேரும் விழுந்து கெடக்கீக. எனக்கு உசுரே போயிருச்சு.”

சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே ஆட்களை எண்ணினோம். சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் முதலில் அதைத்தான் செய்வோம். அன்று ஒருவரும் குறையவில்லை.