மயிரிழை கீழே ஓடிய கோடு

தொரப்பள்ளிப் பக்கத்து விவசாயி நாராயணப்பனின் மகள் சரிதா, ஓசூரிலிருந்து தினமும் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் வந்தே டாக்டர் பட்டம் வாங்கியவள். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம்தான். ஆனால் ரெக்ஸ் என்ற பையனை விட்டுவிட்டுச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

செனான் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையைச் செலுத்தினால், அணுவின் கரு ஓர் அதிர்வெண்ணில் பதில் சொல்லும். பக்கத்து அணுக்கள் சும்மா இருப்பதில்லை. வந்து மோதும், இழுக்கும். அதில் அந்தப் பதில் கொஞ்சம் நகர்ந்துவிடும். நெரிசல் கூடினால் நகர்வும் கூடும். யாரும் தொடாத ஒற்றை அணுவை நேராக அளக்க வழியில்லை. அதனால் பல அடர்த்திகளில் அளந்து, புள்ளிகளைக் கோடாக்கி, அந்தக் கோட்டைப் பூஜ்ஜியம் வரை நீட்டிப் பார்ப்பார்கள். தனி அணுவின் இடம் அதுதான். அந்த ஓர் எண்தான் சரிதாவின் ஆராய்ச்சி.

குழாயில் துளி காற்றும் இருக்கக் கூடாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் தானே ஒரு குட்டிக் காந்தம், எண்ணைக் கெடுத்துவிடும். செனானை உறையவைத்து, காற்றைப் பம்ப்பால் இழுத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைத்து, இப்படி மூன்று முறை செய்த பிறகே குழாயின் வாயை உருக்கி மூட வேண்டும்.

சரிதா குழாய்களை மூடிய நாளில் காவிரிப் பிரச்சினையில் திடீர் பந்த் வந்தது. மத்தியானத்துக்கு மேல் தமிழ்நாட்டு பஸ் எதுவும் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டாது என்றார்கள். போன தடவை இதே மாதிரி நாளில் மூட்டை முடிச்சோடு எல்லை வரை நடந்தவள் அவள். பயந்துபோய், ஒரே முறை பம்ப் போட்டு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு ஓடினாள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு காற்று தங்கியதால் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு மேலே நகர்ந்து, நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் நின்றன. பேராசிரியர் தலைகால் புரியாமல் மகிழ்ந்தார். கட்டுரையும் வந்தது.

அடுத்து அதே ஆய்வகத்தில் சேர்ந்தவன் ரெக்ஸ். ஓசூர்க்காரன், அம்மா அன்னமேரிக்கு ஒரே பிள்ளை. காலை பஸ்ஸில் சரிதா அக்காவுக்குப் பையைப் போட்டு இடம் பிடித்து வைப்பான். சரிதாவின் எண்ணை அடித்தளமாக வைத்து வேறு வாயுக்களைக் கலந்து பார்ப்பது அவன் வேலை. முதலில் சுத்த செனானை அளந்து அவள் கோட்டோடு ஒத்துப் பார்த்தான். அவன் கோடு அவளுடையதற்கு இணையாக, ஒரு மயிரிழை கீழேயே ஓடியது. புதுக் குழாய் செய்தான். மறுபடி கீழே.

"எங்கேயோ சொதப்புறேங்க்கா," என்றான்.

சரிதாவுக்கு அந்த பந்த் நாள் நினைவுக்கு வந்தது. ரெக்ஸ் இல்லாத நேரமாகப் பார்த்து, மூன்று முறையும் ஒழுங்காகப் பம்ப் போட்டு ஒரு குழாய் செய்தாள். அது ரெக்ஸின் கோட்டில் போய் உட்கார்ந்தது. தப்பு அவளுடையதுதான். அடுத்த மாதம் அவளுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தக் குழாயைத் துணியில் சுற்றி உடைத்துப் போட்டாள்.

வைவா முடிந்தது. நாராயணப்பன் ஊருக்கே சாப்பாடு போட்டார். பிறகு, வேலை கிடைக்கட்டும் என்று தள்ளினாள். வேலையும் கிடைத்தது. ரெக்ஸ் குழாய் மேல் குழாயாகச் செய்துகொண்டிருந்தான். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேராசிரியர், "சரிதாவுக்கு வந்தது உனக்கு ஏன் வரல?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவன் ஆய்வகப் பக்கமே வரவில்லை. அதைக் கேள்விப்பட்ட அன்றாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். பாவி, திறக்கவில்லை.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தாள். சிப்காட் தொழிற்பேட்டையில் சிலிண்டருக்கு வாயு நிரப்பும் கம்பெனியின் சீருடையில் நின்றிருந்தான். ஓடி வந்து அவள் பையை வாங்கிக்கொண்டான்.

"ஆராய்ச்சிய விட்டுட்டேங்க்கா. உங்க நம்பர்ல தப்பே இருக்காது. எனக்குத்தான் கை சரியில்ல."

"உன் கை நல்ல கைடா, ரெக்ஸ்," என்றாள்.

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். கம்பெனி பஸ் வந்தது. பையை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போனான்.