இடதுபக்கக் கைப்பிடி

எங்கள் பழைய அம்பாசடர் காரைப் போலவே செய்யும் உள்ளங்கை நீள மாதிரிக்குக் கண்ணாடி ஏற்றும் கைப்பிடிகளைச் செய்துகொண்டிருந்தேன். கடையில் கிடைக்காது. செப்புக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் வளைத்து நானேதான் செய்ய வேண்டும். பிளேயரின் துரு வாசம் விரலில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

எங்கள் காரில் பின்கதவு ஒன்றுக்குக் கைப்பிடி கிடையாது. சத்தியமங்கலம் போகும் வழியில் மழை பிடித்தால், அப்பா ஒரு கையில் ஸ்டியரிங்கோடு பிளேயரைப் பின்னால் நீட்டுவார்.

"கண்ணாடிய ஏத்திப்போட்டுக் குடுத்துரு அம்மணி. தொலச்சுப்போடாத."

அக்காதான் வாங்குவாள். கைப்பிடி இருந்த இடத்து மொட்டைக் கம்பியைக் கவ்வித் திருகத் திருக, கண்ணாடி முனகிக்கொண்டே ஏறும். அதற்குள் நனைந்த ரெக்சின் மணம் கார் முழுக்கப் பரவிவிடும்.

நான் எப்போதும் இடதுபக்கம் உட்காருவேன். நனைந்ததாக நினைவே இல்லை. அப்படியானால் உடைந்திருந்தது அக்காவின் பக்கம். வலதுபக்கப் பின்கதவை விட்டுவிட்டு மற்ற மூன்றுக்கும் கைப்பிடி ஒட்டினேன்.

இருந்தாலும் சந்தேகம் தீரவில்லை. கேட்க அப்பா இல்லை. அவர் காரியத்தன்று நான் விட்ட ஒரு வார்த்தையால் அக்காவோடும் ஆறு வருடமாகப் பேச்சில்லை. உடைந்தது எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு மெசேஜ் அனுப்பினேன்.

மாலையில் பதில் வந்தது.

"உம்பட பக்கந்தான். மழ வந்தா உன்னைய இந்தப்பக்கம் நவுத்திப்போட்டு, நான் அங்க உக்காந்துக்குவேன்."

இடதுபக்கக் கைப்பிடியைப் பிடுங்கி வலதுபக்கம் ஒட்டினேன். பசை காய்ந்த பிறகும், அக்கா இன்னொரு வரி எழுதுவாள் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டியவன் நான்தான்.