இரண்டாம் படை மண்

எங்கள் வீட்டில் ஒரு முறை மண் களவு போனது. கோழி களவு போகும், தேங்காய் களவு போகும், கொடியில் காயப்போட்ட சாரமும் களவு போகும். மண் களவு போனதாக எங்கள் ஊரில் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் இல்லை. அதிலும் கள்ளன் ஒரே ஒரு வகை மண்ணை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்திருந்தான். அந்தக் களவுக்காக முதலில் பிடிபட்டது நான். எனக்கு அப்போது ஏழு வயது.

மண்ணுக்குச் சொந்தக்காரி சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. வந்தாறுமூலைக் கம்பசில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைக்குத்தான். நாங்கள் இருந்தது அம்மாவின் சீதன வீடு. பக்கத்து வளவில் சின்னம்மாவுக்கென்று போட்ட அத்திவாரம் புல் முளைத்துக் கிடந்தது. கலியாணம் ஆகும்வரை அவர் எங்களோடுதான். அக்காவும் தங்கையும் பேசத் தொடங்கினால் நடுவில் ஒரு வார்த்தை வைக்க இடமிருக்காது. அப்பா பாவம், விடிந்ததும் ஓட்டோவை எடுத்துக்கொண்டு தப்பிவிடுவார்.

அந்த வருஷம் கம்பசில் ஆளுக்கொரு நிலத்தைத் தெரிவு செய்து, அதன் மண் இன்ன வகை என்று ஆராய்ந்து சொல்லும்படி கேட்டிருந்தார்கள். சின்னம்மா வாவிக்கரை மேய்ச்சல் தரையைப் பிடித்துக்கொண்டார். மாரியில் வாவி ஏறி அதை மூடிவிடும். கோடையில் தண்ணீர் வடிந்து புல் வரும், புல்லைத் தேடிப் பட்டி மாடுகள் வரும். கோடை முடிகிற நேரத்தில் அப்பா அங்கே ஒரு மாட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு நெஞ்சளவுக்குக் குழி வெட்டிக் கொடுத்தார்.

"கிணறெண்டா வட்டமா வெட்டோணும் மகள். இதென்ன சதுரமாக் கிடக்கு?" என்று மாட்டுக்காரர் கடைசிவரை வருத்தப்பட்டார்.

குழிக்குள் இறங்கி நின்று சின்னம்மா சுவரைக் காட்டினார். மேலே கறுத்த மண், அதில் புல்வேர்கள் பாய் இழைத்தது போலப் பின்னிக் கிடந்தன. அதன் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் மா போல ஒரு மண். மூன்றாவதில், பழைய வேர்கள் போன வழியெல்லாம் துருப் பிடித்த புள்ளிகள். ஆக அடியில் நீலம் பாய்ந்த சேறு, அதற்கு மூக்கைப் பொத்த வேண்டும். இவற்றைப் படை என்று சொல்ல வேண்டுமாம். நான்கு படையிலிருந்தும் மண் எடுத்துவந்து, எங்கள் பின் விறாந்தையில் பழைய பேப்பர் விரித்து நான்கு குவியலாகக் காயப்போட்டார். யாரும் தும்மக்கூடாது என்று சட்டமும் போட்டார்.

இரண்டாம் படையில் அவருக்குத் தனிப் பிரியம். "மணலுமில்ல, களியுமில்ல, நடுவில நிக்கிறது. இதுதான் அடையல்" என்பார். ஒரு பிடியை நனைத்துப் பிசைந்து, பெருவிரலால் தள்ளித் தள்ளி நாடாவாக்குவார். களியென்றால் நீளமாக வருமாம். இது விரலளவு வருவதற்குள் முறிந்துவிடும். தொட்டால் சவர்க்காரம் போல வழுக்கும். காய்ந்தாலோ கோதுமை மாவேதான். எனக்கு அதில் பிட்டு அவித்து விளையாட எவ்வளவு ஆசை! ஆனால் மேல் படையில் ஒரு கல்லைத் தொட்டாலே சின்னம்மா பத்திரகாளி ஆகிவிடுவார்.

வாவித் தண்ணீர் கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணா, இல்லை உப்பு ஏறிய உவர் மண்ணா என்பதுதான் கேள்வி. அதற்கு நிறம் பார்க்க வேண்டும், இழை பார்க்க வேண்டும், உப்பு எந்தப் படை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"மாப்பிள்ள பாக்கிற மாதிரியெல்லோ மண்ணுக்குக் குடி வம்சம் விசாரிக்கிறா" என்று அம்மா சிரித்தார்.

ஒரு நாள் சின்னம்மா இரண்டாம் படையில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்தார். மணலென்றால் நறநறக்கும், களியென்றால் வெண்ணெய், அடையலென்றால் இலேசான ஒரு நெறுநெறுப்பு. இதுவும் படிப்பில் சேர்த்திதானாம்.

"சீ, துப்புகா! மாடு நிண்ட மண்!" என்று அம்மா கத்தினார். கத்திவிட்டுப் போகவில்லை. விளக்குமாற்றைப் பிடித்தபடி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்ட வேண்டிய குப்பை கூடிவிட்டதே என்று கவலைப்படுகிறார் என நினைத்தேன்.

மாரி தொடங்கியது. இரண்டே நாள் மழையில் வாவி ஏறி மேய்ச்சல் தரையும் குழியும் தண்ணீருக்குள் போயின. அன்றைக்குத்தான் சின்னம்மா விறாந்தையிலிருந்து அலறினார். "ரெண்டாவது படை குறைஞ்சு போச்சுகா!"

குவியல் பாதிக்குமேல் இல்லை. மற்ற மூன்றும் வைத்தது வைத்தபடி இருந்தன. அடுத்த கோடைவரை அந்த மண்ணை எடுக்க முடியாது. இரண்டாம் படை இல்லாமல் அந்த மண்ணுக்குப் பெயர் சொல்லவும் முடியாது. நிலம் தேடத் தொடங்கியதிலிருந்து நான்கு மாத வேலை.

"இஞ்ச வா. கையை நீட்டு" என்றார் என்னைப் பார்த்து. அவரிடம் கம்பசில் இரவல் வாங்கிய நிறப் புத்தகம் ஒன்று இருந்தது. பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன நிறச் சதுரங்கள், ஒவ்வொன்றுக்கும் அருகே ஒரு ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து எந்த நிறத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். சின்னம்மா என் நகங்களை ஒவ்வொன்றாக அங்கே வைத்தார். நான் நீதிமன்றத்தில் நிற்பவள் போல நின்றேன்.

"இது ரோட்டுக் கிறவல். இவ இல்ல" என்று தீர்ப்பு வந்தது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு மதிப்பு வந்ததும் அன்றைக்குத்தான்.

கோழியென்றால் நான்கையும் கிளறியிருக்கும். அப்பாவைக் கேட்டார். "எனக்கென்னத்துக்கு மச்சாள் மண்? சோத்துக்குள்ள கிடக்கிறதே காணும்" என்றார் அப்பா. வேறு நாளென்றால் அம்மா அதற்கு இரண்டு நாள் சமைக்காமல் விட்டிருப்பார். அன்று தேத்தண்ணியை நீட்டியதோடு சரி.

"இனி நீதான் பாக்கி" என்று சின்னம்மா விளையாட்டாக அம்மாவின் அந்தக் கையைப் பிடித்து, நகத்தை ஓட்டைக்குப் பின்னால் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு பக்கம் புரட்டினார், திரும்ப முதல் பக்கத்துக்கே வந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, "தேத்தண்ணி ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

அன்று பின்னேரம் குசினிக்குள் அடுப்படியில் இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது கதவடியில் நின்ற எனக்குக் கேட்டது.

"அந்த மண் மணத்துக்குத் திங்காம இருக்க ஏலாமக் கிடக்குகா" என்றார் அம்மா.

"அத்தானுக்குச் சொன்னியா?"

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. போன முறை மாதிரி ஆனா? எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஒளிச்சு வெச்சுச் சரிவராது அக்கா. நாளைக்குக் காலம்பற என்னோட வா. நேர போய்க் காட்டுவம்."

அம்மா அழுதார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கள்ளி அம்மாதான். சின்னம்மா அவரைக் கம்பசுக்குக் கொண்டுபோய்ப் படிப்பிக்கிற பெரிய சேரிடம் காட்டிக்கொடுக்கப் போகிறார். முந்தின வருஷம் அம்மா ஒரு கிழமைக்குமேல் வீட்டில் இல்லை. காய்ச்சல், டவுன் ஆஸ்பத்திரியில் இருக்கிறா என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மெலிந்து போய் வந்து, பல நாள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். இப்போது யோசித்தால் அதுவும் காய்ச்சலாக இருக்க வழியில்லை. அப்போதும் எதையோ எடுத்துப் பிடிபட்டு, உள்ளே வைத்திருந்திருக்கிறார்கள். இந்த முறை விடுவார்களோ இல்லையோ! நான் மறுபடியும் அப்பாவின் பருப்புக் கறியோடு, அம்மா இல்லாத அந்த இருட்டு வீட்டில் கிடக்க வேண்டும். அது என்னால் ஆகாது.

காலையில் அம்மா நல்ல சேலை உடுத்திச் சின்னம்மாவோடு புறப்பட்டார். என்னைப் பள்ளிக்கு ஏற்ற அப்பா ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் விழுந்தடித்து ஓடினேன். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் திண்டன்! அம்மாவக் கொண்டு போகாதீங்க! மண்ண நான்தான் திண்டன்!"

சின்னம்மா குடையை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு குனிந்து, சோதனை எடுக்கும் குரலில் கேட்டார். "எந்தப் படை?"

"ரெண்டாவது."

"எப்பிடி இருந்த?"

அதை நான் யோசித்து வைக்கவில்லை. வாவிக்கரை மண், வேறென்னவாக இருக்கும்? "உப்பு" என்றேன்.

"இல்லகா, அதில உப்பே இல்ல" என்றார் அம்மா, வாய் தவறி. "மூண்டாவதுதான் கரிக்கும்."

"மூண்டாவதையும் பாத்திட்டியா?" என்றார் சின்னம்மா.

குடை கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த அம்மா திடீரென்று என் முகத்தைச் சேலைக்குள் இழுத்து அமத்திக்கொண்டு அழுதார். பஸ் வந்தது. சேறு அப்பிய என்னைப் பள்ளிக்கு அனுப்ப வழியில்லாமல் அவர்கள் கூட்டிக்கொண்டே ஏறினார்கள்.

வந்தாறுமூலை வந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பஸ் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் மறுபடி வெளிக்கிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் அம்மா அப்படியே இருக்கிறார். நான் ஒப்புக்கொண்டதில் மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

மிஞ்சிய மண்ணே சின்னம்மாவுக்குப் போதுமாக இருந்தது. கம்பசு மெசின், மேல் இரண்டு படையிலும் உப்பு இல்லை, மூன்றாவதிலிருந்துதான் என்று சொன்னதாம். வண்டல் என்று எழுதி நல்ல புள்ளி வாங்கினார். அதை மெசினுக்கு முன்னமே சொன்ன நாக்கைப் பற்றி எழுத முடியவில்லையே என்று இன்றைக்கும் குறைப்படுவார். இப்போது அவரே மண்ணைப் பற்றிப் படிப்பிக்கிறார். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், "ரெண்டாம் படை" என்றுதான் கூப்பிடுவார். அவன் என்னைவிட உயர்ந்துவிட்டான்.

அந்த முந்தின வருஷத்துக் காய்ச்சல் காய்ச்சலல்ல, வயிற்றிலேயே போய்விட்ட ஒரு பிள்ளை என்பதை நான் பெரியவளான பிறகுதான் அம்மா சொன்னார். பஸ்ஸில் போன அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. பஸ் ஏறினால் எப்போதும் அம்மாவின் மடிதான் எனக்கு. அன்று ஏறப் போனவளை அவர் மெல்லத் தள்ளிச் சின்னம்மாவின் மடியில் இருத்திவிட்டு, தன் மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். இவ்வளவு செய்து காப்பாற்றியவளுக்கு மடியில் இடமில்லையா என்று டவுன் வரைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன். தம்பி எனக்கு முன்னமே அதில் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது.