ஐயா முடக்கில் நிற்கும் வண்டி

சிவபாதம் ஐயா போய்விட்டார் என்ற செய்தி என் மகன் செல்வராசுவுக்கு ரோடு வளையும் அந்த முடக்கில் வைத்துத்தான் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை டவுனில் இறக்கிவிட்டு, வெறும் வேனோடு தோட்டத்தின் மேல் பிரிவான எங்கள் மேற்கணக்குக்கு ஏறி வந்துகொண்டிருந்தான். வழக்கம்போல முடக்கில் நிறுத்தி, மேலே உள்ள கல் ரோட்டுக்காக டயர்களில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்திருக்கிறது. இரண்டு டயரில் காற்று இறங்கியிருந்தது, இரண்டில் இறங்கவில்லை. வேனை அப்படியே சாய்ந்தபடி விட்டுவிட்டு நடந்தே வந்து லயத்து வாசலில் நின்றான்.

"அம்மா, யாழ்ப்பாணத்து ஐயா போயிட்டாராம்."

வண்டி எங்கேடா என்றுதான் நான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கினேன், திரும்ப ஏற்றினேன், எதற்கு ஏற்றினேன் என்று தெரியாமல் மறுபடி இறக்கினேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் இருக்கிறேன்.

ஐயாவின் மகள் போனில் பேசினார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நீங்களும் எழுத வேண்டும், அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்லுவார் என்றார். நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடிக்கும். நடந்ததை நினைக்க நேரம் பிடிக்காது. இந்த மலரைக் கையில் வாங்கும் நீங்கள் அவருடைய சொந்தக்காரர்கள், அவரோடு வேலை பார்த்தவர்கள். நல்லதை நீங்கள் எழுதியிருப்பீர்கள். எனக்கு அவர் மேல் இரண்டு கோபம் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

ஐயா அப்போது நுவரெலியாவில், கடைகளில் விலையும் பொருளும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் அரசாங்க அதிகாரி. எங்கள் வேன் டயர் தேய்ந்து உள்நூல் தெரிந்த நேரம். டவுனில் ஒரு கடை முதலாளி, நெடுநாளாகக் கிடந்த நாலு டயரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்லி எடுத்து வைத்திருந்தார். நாங்கள் வாங்கப் போன அன்றைக்குப் பார்த்து ஐயா அந்தக் கடைக்குள் நின்றார். டயரை விரலால் தடவிப் பார்த்து, ரப்பர் வெடிப்புக் கண்டிருக்கிறது, இதை விற்கக் கூடாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார். நான் விடவில்லை.

"ஓடுறது எங்க வண்டி, ஏறுறது எங்க புள்ளைங்க. உங்களுக்கு என்னாங்க ஐயா?"

"அதாலைதான் அம்மா" என்றார். அவ்வளவுதான். அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

புது டயர் வாங்க வழியில்லை. வேன் ஓடாமல் கல்லின் மேல் ஏறி நின்றது. மேற்கணக்குப் பிள்ளைகள் மழையில் நடந்தார்கள். கோயில் லயத்து ராசாத்தி, கணக்கில் கெட்டிக்காரி, சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை, அவளும் கொஞ்ச நாள் நடந்தாள். பிறகு நின்றுவிட்டாள். வேன் மறுபடியும் ஓடத் தொடங்கியபோது அவள் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இது என் முதல் கோபம். அந்த டயர் வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விதி வரப்போகிறதாகப் பேச்சு அடிபட்டது. தேய்ந்த டயருக்குப் பதிலாகப் பூட்டுகிற டயர் எல்லாம் இனி எரிபொருளை மிச்சம் பிடிக்கும் வகையாகவே இருக்க வேண்டும், அதற்கான சீட்டு ஒட்டியிருந்தால்தான் விற்கலாம் என்று. அதை மக்களுக்கு விளக்க ஐயாவை ஊர் ஊராக அனுப்பினார்கள். மேற்கணக்குக்கும் வந்தார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். புது வாகனத்தோடு வரும் டயர் லேசாக உருளும், அது தேய்ந்த பிறகு நாம் விலையைப் பார்த்துப் பூட்டும் டயர்தான் டீசலைக் குடிக்கிறது, நல்ல டயருக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் ஓட ஓட அந்தக் காசு திரும்பி வந்துவிடும் என்றார். நன்றாகத்தான் சொன்னார். எனக்கு ராசாத்தி முகம்தான் முன்னால் நின்றது. எழுந்துவிட்டேன்.

"டயர் காசு ஒரே நாள்ல போயிருங்க ஐயா. டீசல் மிச்சம் சொட்டுச் சொட்டா வரும். சொட்டுச் சொட்டா வர்றத எங்க வீடுகள்ல யாரும் புடிச்சு வச்சதில்ல. டயர் வெல ஏறுனா வேன் காசு ஏறும். அத தாய் தகப்பன் கட்டணும். அப்ப மிச்சம் யாருக்கு?"

கூட்டம் சிரித்தது. வேன் என் மகனுடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஐயா சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை அம்மா. கொஞ்சம் தவணை தாங்கோ" என்றார். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்து, ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார். ராசாத்தி கதையை முகத்துக்கு நேரே சொன்னேன். அந்தப் பிள்ளையின் பெயரைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் அவருடைய முதல் கேள்வி, ராசாத்தி இப்போது எங்கே என்பதுதான். என் ஞாபகத்துக்குப் பயந்து ஒதுங்கிப் போனவர்கள் நிறையப் பேர். அதைக் கேட்டு வாங்கித் தானும் வைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

அன்றே போய் வேனையும் பார்த்தார். டயரைக் கையால் அமுக்கிவிட்டு, பாதிக் காற்றுத்தான் இருக்கிறது, இப்படி ஓடினால் எந்த டயரைப் பூட்டினாலும் டீசல் குடிக்கும் என்று செல்வராசுவைக் கடிந்தார். காற்றைக் குறைக்கச் சொன்னது நான். எங்கள் ரோடு வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கல். முழுக் காற்றோடு ஓடினால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்ற முடியாது. இந்தப் பக்கத்துத் தோட்ட வேன்கள் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

"காத்துக்குக் காசில்லை அம்மா. அதையாவது நிரப்பலாம்தானே."

"காத்துக்குக் காசில்லதாங்க. இடுப்பு ஒடஞ்சா அதுக்குக் காசுங்க" என்றேன்.

கொஞ்ச காலம் போய், விதியைப் பற்றிப் பேசக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் மூன்று பேர் நுவரெலியாவுக்கு வந்தார்கள். வேன்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். செல்வராசுவோடு நானும் தொற்றிக்கொண்டு போனேன். விதிக்குச் சார்பாகப் பேச வேண்டியவர் ஐயா. பேசினார். "விதி நல்லது. ஆனா டயர் காசை ஆர் கட்டுறது, மிச்சம் ஆருக்குப் போறது எண்டு சொல்லாட்டில் அது பாதி விதிதான்" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் முகம் சுருங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தோட்டத்து வேன் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள் என்று அவர்களை எங்கள் வேனிலேயே ஏற்றினார். ஏறுமுன், எரிபொருள் நிலையத்தில் நாலு டயருக்கும் முழுக் காற்று அடிக்கச் சொன்னார்.

தார் ரோடு முடிந்து கல் ரோடு தொடங்கியது. ஒருவருடைய தலை கூரையில் இடித்தது. இன்னொருவருடைய கண்ணாடி கழன்று என் மடியில் விழுந்தது; கொடுத்தாலும் மறுபடி விழத்தான் போகிறது என்று நானே பிடித்துக்கொண்டேன். முன்சீட்டில் இருந்த பெரியவர் கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். பிறகு செல்வராசுவின் தோளைத் தட்டி, "மல்லி, ஹுளங் டிகக் அடு கரன்ன" என்றார். தம்பி, காற்றைக் கொஞ்சம் குறை என்று. ஐயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. ரோட்டாலா சிரிப்பாலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ரோட்டுக்குக் காசு வந்தது. கீழேயிருந்து கொங்கிரீட் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேற்கணக்கு வரைக்கும் வரும் என்று ஐயா எங்களுக்குச் சொன்னார். பாதி வழியில், மாரியம்மன் கோயிலுக்குக் கீழே உள்ள முடக்கில் காசு முடிந்தது. ரோடும் அங்கேயே நின்றது. அதற்கு ஐயா முடக்கு என்று பெயர் வைத்தவள் நான். மரியாதைக்காக வைக்கவில்லை. அவர் சொன்ன சொல் நின்றுபோன இடம் அது என்று ஊருக்குத் தெரியட்டும் என்று வைத்தேன். பெயர் அவர் காதுக்கும் போய்விட்டது. அடுத்த முறை வந்தபோது, "ஊரிலை என்ரை பேரிலை ஒரு சின்ன ஒழுங்கைகூட இல்லை. இஞ்சை ஒரு முடக்குக் கிடைச்சிட்டுது" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "கோவத்தை ஆறவிடாதேங்கோ அம்மா. ஆறினால் மற்றப் பாதி வராது" என்றார்.

தவணை கேட்டிருந்த மறுமொழியோடுதான் அன்றைக்கு வந்திருந்தார். தாய்மார்களைக் கோயிலடிக்கு வரச் சொன்னார். சீட்டு ஒட்டிய டயரைப் பூட்டி, கொங்கிரீட்டில் முழுக் காற்றோடும் மேலே கல் ரோட்டில் குறைந்த காற்றோடும் ஓட்டிப் பார்த்ததில் டீசல் மிஞ்சுகிறது என்று செல்வராசுவே அவரிடம் சொல்லியிருந்தான். என் மகனுக்கு வாய் நிற்காது.

"அப்ப டயர் விலையைக் காட்டி வேன் காசைக் கூட்டக் கூடாது தம்பி. மிச்சம் ஏறுற பிள்ளையளுக்கு. இதை அம்மன் முன்னாலை சொல்லும்" என்றார் ஐயா.

செல்வராசு என்னைப் பார்த்தான். கேள்வி கேட்டவள் நான். அந்தக் கேள்வி சுற்றிக்கொண்டு வந்து என் வாசலிலேயே நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என் பேரப்பிள்ளைகள் சாப்பிடுவதும் அந்த வேன் காசில்தானே. தாய்மார்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சொன்னான். நான் ஐயாவுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் வீட்டுக்குள் போய்விட்டேன். இது இரண்டாவது கோபம்.

ஓய்வு பெற்று ஊருக்குப் போகுமுன் விடைபெற வந்தார். அன்றைக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். ராசாத்தி எங்கே என்று கேட்டார். கல்யாணம் முடித்துக் கொழும்பிலேயே இருக்கிறாள், அவளுடைய தங்கச்சி தேவி எங்கள் வேனில் போகிறாள், பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். குடித்து முடித்து, இன்னொரு கோப்பை கேட்டார். யாழ்ப்பாணம் போன பிறகும் இடைக்கிடை போன் எடுப்பார். ரோட்டின் மற்றப் பாதி வந்துவிட்டதா என்பார். இல்லைங்க ஐயா என்பேன். கடைசியாகப் பேசியபோது குரலில் பலம் இல்லை. அப்போதும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். "கேட்டுக்கொண்டே இருங்கோ" என்றார்.

செத்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. செய்தி வந்த மறுநாள் காலை, வீட்டில் இருக்க முடியாமல் பிள்ளைகளோடு நானும் வேனில் ஏறி முடக்கு வரைக்கும் போனேன். அங்கே நிறுத்தினால், காற்று நிரப்பப் பெரிய பிள்ளைகள் முறை வைத்துக் கால் பம்பை மிதிப்பார்கள். தேவி மிதித்துக்கொண்டிருந்தாள். செல்வராசு டயரைப் பார்த்துக் குனிந்தபடியே சொன்னான்.

"டயர் வெலயும் ஏறிருச்சு. ஐயாவும் இல்ல. அடுத்த மாசத்திலேருந்து காசக் கொஞ்சம் கூட்டலாம்மா."

"மிச்சம் யாருக்குடா?" என்றேன்.

தேவி மிதிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. "மிதி புள்ள, நேரமாவுது" என்றான். மாதம் பிறந்துவிட்டது. வேன் காசு பழைய காசுதான்.

அந்த விதி வரும் வரும் என்கிறார்கள். ரோடும் வரும் வரும் என்கிறார்கள். ஐயா போய்விட்டதால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று ரோட்டுக்காரர்களும் நினைக்க வேண்டாம், என் மகனும் நினைக்க வேண்டாம். நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து எதை வைத்துக்கொண்டீர்களோ எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு முடக்கும், நான் கொடுத்து அவர் திருப்பித் தந்த ஒரு கேள்வியும்தான். அதோடு அந்த இரண்டு கோபமும் இருக்கிறது ஐயா. ஆறவிடவில்லை. ஆறினால் மற்றப் பாதி வராது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.